சகுனத்துக்கு நான் போட்ட சர்க்யூட்

எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் எந்தச் சாமானும் ஒற்றையாக இருக்காது. மிக்ஸிக்கு உபரி ஜார், மோட்டாருக்கு உபரி கெபாசிட்டர், ஃபேனுக்கு உபரி ரெகுலேட்டர் என்று பரண் நிரம்பி வழியும். மெயின்லேண்டில் ஒரு பொருள் கெட்டால் தெருமுனைக் கடைக்கு ஓடுவார்கள். போர்ட் பிளேரில் கெட்டால் கடைக்காரர் "அடுத்த கப்பல்ல வரும்" என்பார். அடுத்த கப்பல் எப்போது என்று கேட்டால் வானத்தைப் பார்ப்பார். அதனால் எதையும் ரெண்டாக வாங்கி வைப்பது எங்கள் ரத்தத்தில் ஊறிவிட்டது. என் அப்பா ஒரே மாதிரி செருப்பு ரெண்டு ஜோடி வாங்கி, ஒன்றைப் பிரிக்காமலே பத்திரப்படுத்தி, அதை எலி கடித்துவிட்ட பிறகும் "எலி கடிச்சது ஸ்பேரைத்தானே" என்று சந்தோஷப்பட்டவர்.

அதே ரத்தம்தான் எனக்கும். அதோடு ஒரு எலெக்ட்ரானிக்ஸ் பட்டமும் சேர்ந்தால் என்ன நடக்கும்? என் அக்காவின் நிச்சயதார்த்தம் நடக்கும். அதாவது, கிட்டத்தட்ட நடக்காமல் போகும்.

அக்கா வாசுகி மதுரையில் படிக்கும்போது பிரபுவைப் பிடித்துப்போய், ரெண்டு வீட்டிலும் அழுது, சண்டை போட்டு, சாப்பிடாமல் கிடந்து (எங்கள் வீட்டில் மட்டும்; ஹாஸ்டலில் நன்றாகச் சாப்பிட்டாள்), ஒருவழியாகச் சம்மதம் வாங்கியிருந்தாள். பிரபுவின் அப்பா சுந்தரம் மாமா மின்சார வாரியத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். தங்கமான மனுஷன். ஆனால் அந்த வீட்டில் கடைசி வார்த்தை அவர் மனைவி, அத்தையுடையது. அத்தைக்கோ சகுனம்தான் எல்லாம். பல்லி கத்தினால் எந்தத் திசை என்று பார்ப்பார். யாராவது தும்மினால் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வாசல் தாண்டுவார். "பொண்ணு கடல் தாண்டி வர்றதே எனக்கு யோசனையா இருக்கு" என்று ஆரம்பத்திலேயே சொன்னவர்.

நிச்சயத்துக்கு அவர்கள் குடும்பமாகக் கிளம்பி வருவதாக ஏற்பாடு. குட்வில் எஸ்டேட் பகுதியில் எங்கள் வீட்டு முற்றத்தில் ஷாமியானா போட்டு, ஜாங்கிரிக்குக்கூடச் சொல்லியாகிவிட்டது. அப்போதுதான் கடலில் காற்றழுத்தத் தாழ்வு வந்து உட்கார்ந்தது. கப்பல் ரத்து. விமானமும் ரத்து. அடுத்த நாளை விட்டால் ஆடி பிறந்துவிடும், ஆடியில் எதுவும் கூடாது. என்ன செய்வது என்று அம்மா தலையில் கை வைத்து உட்கார, நான் எழுந்து நின்றேன். (நான் எழுந்து நின்றால் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்துவிட வேண்டும் என்பது இப்போது எழுதப்படாத சட்டம். அன்று அந்தச் சட்டம் இல்லை.)

"வீடியோவுல வச்சுக்கலாம். முழு பொறுப்பு என்னுது" என்றேன்.

அப்போது நான் எங்கள் ஊர் ஜங்லிகாட்டில் கண்காணிப்பு கேமரா மாட்டிக்கொடுக்கும் ஒரு சின்னக் கடையில் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. எதைப் பார்த்தாலும் "இதை நானே டிசைன் பண்ணிடுவேன்" என்று சொல்லும் வயசு.

முற்றத்துக்கு வீட்டு வைஃபை எட்டாது. மொபைல் சிக்னலோ மாமரத்தின் மேல் கிளைக்கு மட்டும் வரும். அதனால் ஷாமியானா கம்பத்தில் ஒரு வைஃபை பெட்டியைக் கட்டி, வீட்டுக்குள்ளிருந்து அதற்கு ஒரு கேபிள் இழுத்தேன். இந்தக் கேபிளில் ஒரு வசதி உண்டு. நெட் வருகிற அதே ஒயரில் கரண்டும் வரும். தனியாகப் பிளக் வேண்டாம். வீட்டுக்குள் இருக்கும் ஸ்விட்ச் என்கிற டப்பா அந்தக் கரண்டை அனுப்பும். அந்த டப்பா இன்வெர்ட்டரில் ஓடுவதால், ஊரில் கரண்ட் போனாலும் பெட்டி அணையாது. மெயின்லேண்டுக்காரன் யாராக இருந்தாலும் இத்தோடு கை கழுவிக்கொண்டு காபி குடிக்கப் போயிருப்பான்.

நான் தீவுக்காரி ஆயிற்றே! ஒரே கரண்டா? ஒற்றையா? இன்வெர்ட்டர் பேட்டரி படுத்துவிட்டால்?

"ஸ்பேர் வச்சிருக்கியாம்மா?" என்று அப்பாவும் சரியாக அதையே கேட்டார்.

உட்கார்ந்து ஒரு போர்டு சால்டர் செய்தேன். ஒரு பக்கம் கேபிளில் வரும் கரண்ட். இன்னொரு பக்கம் முற்றத்துப் பிளக்கில் சொருகிய அடாப்டர். ரெண்டுக்கும் ஆளுக்கொரு டயோடு. எந்தப் பக்கம் வோல்ட் அதிகமோ அந்தப் பக்கத்துக் கரண்டு உள்ளே போகும், மற்றது வாசலில் நிற்கும். இன்வெர்ட்டர் பேட்டரி மிச்சமாகட்டுமே என்று, கேபிளில் வருவதைவிடக் கொஞ்சம் அதிக வோல்ட் தரும் அடாப்டராகப் பார்த்துப் போட்டேன். சாதாரண நேரத்தில் அடாப்டர் வேலை செய்யும். கரண்ட் போனால் கேபிள் கை கொடுக்கும். என்ன அழகான யோசனை! அன்று ராத்திரி கண்ணாடியில் என்னைப் பார்த்து நானே சிரித்துக்கொண்டேன்.

சோதனையும் செய்தேன். வைஃபை பெட்டிக்குப் பதிலாக ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கைச் சொருகி, அம்மா அப்பா முன்னால் அடாப்டரைப் பிடுங்கிக் காட்டினேன். விளக்கு ஒரு சிமிட்டு சிமிட்டிவிட்டு மறுபடி எரிந்தது.

"அணைஞ்சுதே?" என்றாள் அம்மா.

"கண் சிமிட்டற நேரம்மா. அதெல்லாம் கணக்கே இல்ல" என்றேன்.

அம்மா கேட்ட அந்த ஒரு கேள்விக்கு நான் நின்று பதில் யோசித்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

மறுநாள் தூறலோடு விடிந்தது. முற்றத்தில் மேஜை போட்டு லேப்டாப், பக்கத்தில் பெரிய டிவி, குத்துவிளக்கு, தட்டுகள். தட்டு மாற்ற வேண்டுமே, மாப்பிள்ளை வீட்டார் மதுரையில் இருக்கிறார்களே, என்ன செய்வது? அவர்கள் சார்பில் தட்டு வாங்கிக்கொள்ளப் பக்கத்து வீட்டுப் பிஸ்வாஸ் அங்கிளை உட்கார வைத்தோம். வங்காளக்காரர். அப்பாவின் வேட்டியைக் கட்டிக்கொண்டு, சந்தனம் பூசிக்கொண்டு, வந்த நிமிஷத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டுப் பவுசைக் காட்ட ஆரம்பித்துவிட்டார். அம்மா காபி கொடுத்தால், "சீனி கம் ஹை. ஹம் லட்கேவாலா ஹை!" என்றார். (சர்க்கரை கம்மியாம். அவர் மாப்பிள்ளை வீட்டுக்காரராம்!)

டிவியில் மதுரை வந்தது. சுந்தரம் மாமா, பட்டுப்புடவையில் அத்தை, நடுவில் பிரபு. படம் கண்ணாடி மாதிரித் தெளிவு. நான் கம்பத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பாராட்டு வந்தால் வாங்கிக்கொள்ளத் தயாராக.

சுந்தரம் மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "பெரியவங்க பேசினதெல்லாம் இருக்கட்டும். பொண்ணு வாயால கேட்டுக்குவோம். வாசுகி, என் பையனைக் கட்டிக்க உனக்குச் சம்மதந்தானேம்மா?" என்றார்.

வாசுகி வெட்கத்தோடு நிமிர்ந்தாள். அந்த நேரம் பார்த்து அம்மா சாம்பிராணியைக் கிளப்ப, புகை நேராக அவள் மூக்குக்குள் போயிற்று. தும்மல் வரவா வேண்டாமா என்று மூக்கு நுனியில் நின்றது. கண் இடுங்கி, வாய் கோணி, முகம் முழுக்கச் சுருங்கி...

கரண்ட் போனது.

டிவி அணைந்தது. லேப்டாப்பில் மதுரைக்காரர்கள் கல்லாகச் சமைந்து நின்றார்கள். வாசுகி தும்மினாள்.

"அரே, லைட் சலா கயா" என்றார் பிஸ்வாஸ் அங்கிள். (கரண்ட் போய்விட்டதாம்.)

"கவலைப்படாதீங்க, கண் சிமிட்டற நேரம்" என்றேன் நான்.

எங்கே சிமிட்டியது? விளக்குக்கு மூளை கிடையாது. கரண்ட் வந்ததும் எரிந்துவிடும். வைஃபை பெட்டிக்கு அப்படியா? ஒரு நொடி அணைந்தாலும் அது புதிதாகப் பிறந்து, கண் விழித்து, தன் பெயரை ஞாபகப்படுத்திக்கொண்டு, அப்புறம்தான் வேலைக்கு வரும். நாங்கள் எல்லோரும் அதன் சின்னப் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அதற்குள் ஊர்க் கரண்டும் திரும்பி வந்துவிட்டது.

அந்த நேரம் முழுக்க மதுரையில், டிவி நிறைய, வாசுகியின் முகம் உறைந்து நின்றிருக்கிறது. சம்மதமா என்று கேட்டதற்கு, வேப்பங்காயைக் கடித்த மாதிரி ஒரு முகம். (பிரபு அத்தான் அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்தார். இன்றுவரை அழிக்க மறுக்கிறார்.)

இணைப்பு வந்ததும் அத்தையின் முதல் வார்த்தை: "ஏம்மா, பிடிக்கலேன்னா வாயால சொல்லலாமே. அதுக்கு ஏன் மூஞ்சி?"

"ஐயோ அத்தை, தும்மல்!" என்று பதறினாள் வாசுகி.

அவளுக்குத் தெரியவில்லை, அது இன்னும் மோசம் என்று. அத்தை மெல்ல மாமா பக்கம் திரும்பினார். "கேட்ட வாய் மூடல. கரண்ட் போகுது. கூடவே தும்மல்."

"மழைக்காலம், கரண்ட் போகும். விடு" என்றார் மாமா.

அப்பா நிலைமையைச் சமாளிக்க முன்னால் வந்தார். "சம்பந்தி, நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. எங்க வீட்ல மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இருக்காது" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, ஒரு கொசு பறந்து வந்து பிஸ்வாஸ் அங்கிளின் சந்தனக் கன்னத்தில் உட்கார்ந்தது. அப்பாவுக்கு டெங்கு பயம் ஜாஸ்தி. பேச்சை நிறுத்தாமலே கையை ஓங்கினார்.

கரண்ட் போனது.

இந்தத் தடவை மதுரையில் உறைந்த படம் இது: மாப்பிள்ளை வீட்டுச் சார்பாக உட்கார்ந்திருக்கும் மனிதரின் கன்னத்தில் அறைய, பெண்ணின் தகப்பன் கையை ஓங்கி நிற்கிறார். கடைசியாகக் கேட்ட சொல், மரியாதை.

மறுபடியும் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றோம். படம் திரும்பியபோது அத்தை நாற்காலியை விட்டு எழுந்திருந்தார்.

"ரெண்டு தடவை ஆச்சுங்க. நல்ல வார்த்தை பேச வாயைத் திறக்கும்போதெல்லாம் இருட்டு. மூணாவது தடவையும் ஆகணுமா? வேணாம். ஆடி கழியட்டும். ஜோசியர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அப்புறம் பார்ப்போம்."

'அப்புறம் பார்ப்போம்' என்றால் என்னவென்று தமிழ் பேசும் எல்லோருக்கும் தெரியும். பிரபு "அம்மா..." என்றார். அத்தை திரும்பவே இல்லை. வாசுகி அழவில்லை, அழுதிருந்தால்கூடத் தேவலை. முகத்தில் ரத்தமே இல்லாமல் கம்பத்தடிக்கு வந்து என் கையைப் பிடித்தாள். அந்தக் கை சில்லிட்டிருந்தது.

"ஏண்டி மேகலா, உண்மையைச் சொல்லு. இதுல கடவுள் வேலை எது, உன் வேலை எது?"

நான் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் இருந்த ஸ்விட்சை எட்டிப் பார்த்தேன். கேபிளில் கரண்ட் அனுப்புவதைக் காட்டும் விளக்கு அணைந்து கிடந்தது. வெளியே வைஃபை பெட்டியோ ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. அடாப்டரில்! அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது.

அடாப்டர் கொடுப்பதால் பெட்டி கேபிளிலிருந்து ஒரு சொட்டுக் கரண்டும் இழுக்கவில்லை. இழுக்கிற ஆள் இல்லையென்றால் ஸ்விட்ச் என்ன நினைக்கும்? யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று நினைத்துச் சப்ளையை நிறுத்திவிடும். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். ஊர்க் கரண்ட் போய் அடாப்டர் செத்ததும் அது மறுபடி எழுந்து, "யார் நீ? உனக்கு எவ்வளவு வேணும்?" என்று முதலிலிருந்து விசாரித்துத்தான் கொடுக்கும். அதற்குள் பெட்டி செத்துப் பிழைக்க வேண்டும். ஸ்பேர் வைத்தேன், அந்த ஸ்பேரே அசலைத் தூங்க வைத்துவிட்டது. நான் ஒன்றுமே செய்யாமல் சும்மா இருந்திருந்தால் அன்று ஒரு தடவைகூடப் படம் நின்றிருக்காது.

இப்போது சொல்ல வேண்டுமா? முழு பொறுப்பு என்னுது என்று மார்தட்டிவிட்டு, ரெண்டு குடும்பத்துக்கும் அக்கம்பக்கத்துக்கும் முன்னால்? வாய் திறக்காமல் இருந்தால் பழி மழைமேல் போகும். ஒரு கணம் சபலம் தட்டத்தான் செய்தது. ஆனால் வாசுகி இன்னும் என் கையை விடவில்லை.

கேமரா முன்னால் போய் நின்றேன். "அத்தை, உட்காருங்க. அது சகுனம் இல்ல. நான்தான்."

"நீ என்ன?" என்றார் அத்தை.

"நான் போட்ட சர்க்யூட் தப்பு. நான் ஒரு முட்டாள் அத்தை."

"இந்த வயசுப் பிள்ளைங்க அக்காவுக்காக என்ன வேணும்னாலும் சொல்லும்" என்றார் அத்தை. நம்பவில்லை! வாழ்க்கையில் முதல் முறையாக என்னை முட்டாள் என்று நானே சொல்கிறேன், அதை ஒரு ஆள் நம்ப மாட்டேன் என்கிறார்.

ஆனால் சுந்தரம் மாமா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "ரெண்டு சப்ளை குடுத்திருக்கியா?"

"ஆமா மாமா. டயோடு போட்டு."

"எதுக்கு முன்னுரிமை?"

"அடாப்டருக்கு."

"அப்ப அந்தப் பக்கம் லோடே இல்லையே! அவன் ட்ரிப் அடிச்சுட்டுப் போயிருவானே!"

"போயிட்டான் மாமா."

"அடக் கிறுக்கச்சி!" என்றார் மாமா, அவ்வளவு பாசமாக. பிறகு அத்தை பக்கம் திரும்பினார். "கேட்டியா? கரண்ட் போறது சகுனம்னா, இத்தனை வருஷமா வாரியம் எனக்குச் சகுனத்துக்கா சம்பளம் குடுத்துச்சு?"

அத்தை மசியவில்லை. "நீங்க ரெண்டு பேரும் ஒரே ஜாதி. எனக்குக் கண்ணால பார்க்கணும்."

எனக்கு வெறி பிடித்துவிட்டது. "பார்க்கலாம் அத்தை. அந்தச் சகுனத்தை இப்பவே நான் வரவழைக்கிறேன். நீங்க கை தட்டுங்க, அது வரும்."

பிஸ்வாஸ் அங்கிளை முற்றத்து மெயின் ஸ்விட்ச் முன்னால் நிறுத்தினோம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தயாரானார். மதுரையில் அத்தை, எங்கள் எல்லோரையும் சந்தேகமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, கையைத் தட்டினார். அங்கிள் மெயினை இறக்கினார். படம் செத்தது. எல்லோரும் பச்சை விளக்குக்காகக் காத்திருந்தோம். அந்த இடைவெளியில் அடாப்டரைப் பிடுங்கி மாமரத்துப் பக்கம் வீசினேன். பெட்டி பிழைத்தது, அத்தையின் முகம் வந்தது. அங்கிள் மெயினை ஏற்றினார்.

"இப்ப தட்டுங்க அத்தை. வராது."

அத்தை தட்டினார். அங்கிள் இறக்கினார். டிவி மட்டும் அணைந்தது. லேப்டாப்பில் அத்தை அசைந்துகொண்டே இருந்தார். கேபிளில் கரண்ட் சொன்ன பேச்சைக் கேட்டு ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. அத்தை மறுபடி தட்டினார். அங்கிள் ஏற்றினார். மறுபடி தட்டினார், இறக்கினார். இவர் தட்ட, அவர் இறக்க ஏற்ற, பஜனை மாதிரி ஆகிவிட்டது.

"ஹம் தக் கயா!" என்று கத்தினார் அங்கிள். (கை ஓய்ந்துவிட்டதாம்.)

"என்னங்க சொல்றார் நம்ம வீட்டுக்காரர்?" என்று கேட்ட அத்தை, கேட்டுவிட்டுத் தானே சிரித்தார். அந்தச் சிரிப்பு நிற்கவே இல்லை. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "சரி. அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்க. விட்ட இடத்துலேருந்து கேளுங்க."

மாமா வாயைத் திறப்பதற்குள் வாசுகி லேப்டாப்பின் மேல் பாய்ந்து, "சம்மதம்! சம்மதம்! சம்மதம்!" என்று அலறினாள். அவள் நெட்டையும் நம்பவில்லை, என்னையும் நம்பவில்லை. பக்கத்துத் தெருவரை கேட்டதாகச் சொன்னார்கள்.

தட்டு மாற்றினோம். எங்கள் தட்டைப் பிஸ்வாஸ் அங்கிள் வாங்கிக்கொண்டு, ஜாங்கிரியையும் அங்கேயே பிரித்துவிட்டார். கல்யாணம் தை மாதம் மதுரையில் நடந்தது. மணமேடையை விட்டு இறங்கியதும் பிரபு அத்தான் என்னிடம் வந்து, "ஒரு சந்தேகம். அந்தக் கேபிள் லேப்டாப் மேஜைக்குப் பக்கத்துக் கம்பம் வரைக்கும் வந்துச்சுல்ல? அதை நேரா லேப்டாப்புல சொருகியிருந்தா வைஃபை பெட்டியே வேண்டியிருக்காதே?" என்றார். பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வருஷங்கள் ஆகிவிட்டன.

அதன் பிறகு அத்தை சகுனம் பார்ப்பதை விட்டுவிட்டாரா என்றால், இல்லை. பார்க்கிறார். ஆனால் எதைப் பார்த்தாலும் முதலில் எனக்குப் போன் வரும். பால் பொங்கி அடுப்பு அணைந்ததா? "மேகலா, எதையாவது தொட்டியா?" மாலை அறுந்து விழுந்ததா? "உண்மையைச் சொல்லு, இது அதுவா, நீயா?" ரெண்டு குடும்பத்திலும் தட்டு உடைந்தால், வண்டி பஞ்சரானால், குழந்தை தும்மினால், எல்லோரும் கோரஸாகக் கேட்பது ஒன்றுதான்: "சகுனமா, மேகலாவா?" கடல் தாண்டி உட்கார்ந்திருக்கும் நான் எப்படி மதுரையில் பாலைப் பொங்க வைப்பேன்? கேட்டால், "அன்னிக்கு மட்டும் எப்படிம்மா செஞ்ச?" என்கிறார்கள். முதலில் எனக்குக் கோபம் வரும்.

போன மாதம் அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன். ஏற்கெனவே பயந்து பயந்து தள்ளிப்போட்டது. காலையில் வீடியோவில் வந்தார். வாசலில் ஆட்டோ உறுமிக்கொண்டிருந்தது. மாமாவும் வாசுகியும் பையோடு நின்றார்கள். அத்தை படியை விட்டு இறங்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெளிறியிருந்தது.

"மேகலா, பூனை குறுக்கே போச்சு. கறுப்பு. இடமிருந்து வலம்." குரல் நடுங்கியது. "இது... நீயா?"

நான் ஜங்லிகாட்டில் ஒரு கடையின் ஏணிமேல் நின்று கேமரா மாட்டிக்கொண்டிருந்தேன். ஸ்க்ரூடிரைவரை வாயிலிருந்து எடுத்தேன்.

"ஆமா அத்தை, நான்தான். வேற ஒண்ணைச் சரிபண்ணப் போய் அது அந்தப் பக்கம் ஓடிருச்சு. மன்னிச்சிடுங்க."

"சனியனே, உனக்கு வேற வேலையே இல்லையா!" என்று திட்டிக்கொண்டே அத்தை படியிறங்கி ஆட்டோவில் ஏறிவிட்டார்.